அப்டேட் நடுவுல கரண்ட் போச்சு: விண்டோஸ் 11 திறக்கல, நீலத் திரையில கீபோர்டும் எடுக்கல

பெங்களூரா_மண்டி:

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கா மண்டி நடத்துறோம். ஆபீஸ்ல இருக்கிறது ஒரே டெஸ்க்டாப். போன வருஷம் (2025) தீபாவளிக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி கணக்கை முடிச்சு மூடி வெச்சது, சீசன் ஆரம்பிக்குதுன்னு இப்பதான் திரும்ப எடுத்தோம். நெட் குடுத்ததும் அப்டேட் வரிசையா இறங்க ஆரம்பிச்சுது. ராத்திரி ‘அப்டேட் அண்ட் ஷட்டவுன்’ குடுத்துட்டுப் பூட்டிட்டுப் போயிட்டோம். நடுவுல கரண்ட் போயிருக்கு. யூபிஎஸ் பேட்டரி பழசு, தாங்கல.

இப்ப ஆன் பண்ணா போர்டு லோகோ வருது, கீழ புள்ளி சுத்துது, ‘ப்ரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’, அப்புறம் ‘டயக்னோசிங் யுவர் பிசி’. கடைசியில நீலத் திரை, அதுல ‘ரீஸ்டார்ட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’னு ரெண்டு பட்டன். அந்தத் திரையில மவுஸும் அசையல, கீபோர்டும் எடுக்கல. ரெண்டுமே யூஎஸ்பி. ஆனா ஆன் பண்ணதும் டெலீட் கீயை அழுத்தி பயாஸுக்குள்ள (விண்டோஸுக்கு முந்தின போர்டு செட்டிங் திரை) போனா ரெண்டும் நல்லா வேலை செய்யுது.

சிஸ்டம்: 10வது ஜெனரேஷன் ஐ3, எச்410 போர்டு, 8 ஜிபி ரேம், 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியில விண்டோஸ் 11 ஹோம் 24எச்2, கூட 1 டிபி ஹார்ட் டிஸ்க்.

கடையில கேட்டா ஃபார்மட் தவிர வழி இல்லங்கிறாங்க. டாலி டேட்டா எந்த டிரைவ்ல இருக்குன்னே எங்களுக்கு உறுதியாத் தெரியாது. விவசாயிங்களுக்குக் குடுக்க வேண்டிய பாக்கி, கூழ் ஃபேக்டரிக்குப் போன லோடு எல்லாம் அதுலதான். பென் டிரைவ் பேக்கப் ஆகஸ்ட் வரைக்கும்தான் இருக்கு. ஃபார்மட் பண்ணாம எடுக்க முடியுமா?

---

தகடூர்_ஹார்டுவேர்:

முடியும். சிஸ்டத்தை யார்கிட்டயும் குடுக்காதீங்க. லோகோ வந்து, புள்ளி சுத்தி, ரிப்பேர் திரை வரைக்கும் வருதுன்னா போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) எல்லாம் ஓகே. எஸ்எஸ்டியும் படிக்க முடியுது, ஏன்னா அந்த நீலத் திரையே எஸ்எஸ்டியில இருக்கிற ஒரு சின்ன பார்ட்டிஷன்ல இருந்துதான் வருது. பாதியில நின்ன அப்டேட்டைத் திருப்பி எடுக்கிற வேலைதான் மிச்சம்.

கீபோர்டு விஷயம் தனி. பயாஸ்ல எடுக்குது, நீலத் திரையில எடுக்கலன்னா கீபோர்டு போயிடல. 2025 அக்டோபர் 14 தேதியிட்ட கேபி5066835 அப்டேட் போன 24எச்2, 25எச்2 சிஸ்டங்கள்ல ரெகவரி சூழலுக்குள்ள, அதாவது அந்த நீலத் திரையில மட்டும் யூஎஸ்பி கீபோர்டு, மவுஸ் வேலை செய்யாம போச்சு. விண்டோஸுக்குள்ள எல்லாம் சரியா இருந்ததால நிறைய பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. அக்டோபர் 20ஆம் தேதி கேபி5070773ன்னு திருத்தம் வந்துது. அன்னிக்குத்தான் தீபாவளி. நீங்க அதுக்கு முன்னாடியே மூடி வெச்சிருக்கீங்க. முதல் அப்டேட் மட்டும் இறங்கி, திருத்தம் இறங்காம நின்ன சிஸ்டம் உங்களோடது.

வழி ரெண்டு இருக்கு.

ஒண்ணு, பின்பக்கம் பாருங்க. எச்410 போர்டு நிறைய மாடல்ல வட்டமான பிஎஸ்2 போர்ட் இன்னமும் இருக்கு. ஊதா நிறம்னா கீபோர்டுக்கு, பச்சைன்னா மவுஸுக்கு, பாதி ஊதா பாதி பச்சைன்னா எதை வேணா சொருகலாம். பழைய பிஎஸ்2 கீபோர்டு ஒண்ணு தேடிப் பிடிங்க, பழைய சாமான் விக்கிற கம்ப்யூட்டர் கடையில கிடைக்கும். சிஸ்டம் ஓடும்போது சொருகாதீங்க. பிஎஸ்2 அப்படிச் சொருகுறதுக்கான போர்ட் இல்ல, ஆன் ஆகும்போது இருந்தாத்தான் கண்டுபிடிக்கும். யூஎஸ்பி கீபோர்டுல மாட்டுற ஊதா கன்வெர்ட்டரை வாங்கி ஏமாறாதீங்க. அது பிஎஸ்2 முறையும் தெரிஞ்ச பழைய கீபோர்டுகளுக்கு மட்டும்தான் ஒத்துவரும்.

ரெண்டு, வேற கம்ப்யூட்டர்ல மீடியா க்ரியேஷன் டூல் வெச்சு 8 ஜிபி பென் டிரைவ்ல விண்டோஸ் 11 இன்ஸ்டாலர் தயார் பண்ணுங்க. பென் டிரைவ்ல இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும். பூட் மெனு கீ போர்டுக்குப் போர்டு மாறும்: ஜிகாபைட்னா எஃப்12, எம்எஸ்ஐ, அஸ்ராக்னா எஃப்11, ஆசஸ் டெஸ்க்டாப் போர்டுன்னா எஃப்8. பென் டிரைவ்ல இருந்து கிளம்பினா அது தன்னோட சொந்த டிரைவரோட வரும், உங்க எஸ்எஸ்டியில இருக்கிற கெட்டுப்போன ரெகவரியைத் தொடாது. மொழி, கீபோர்டு கேட்டதும் அடுத்த திரையில ‘இன்ஸ்டால் விண்டோஸ் 11’, ‘ரிப்பேர் மை பிசி’ன்னு ரெண்டு இருக்கும். ரிப்பேரைத்தான் தேர்ந்தெடுக்கணும். அதே திரையில ‘எல்லா ஃபைலும் அழியும், சம்மதம்’ங்கிற மாதிரி ஒரு டிக் பெட்டியும் கண்ணுல படும், அது இன்ஸ்டாலுக்கானது, அதுல டிக் போடாதீங்க.

---

சும்மா_ஒரு_டெக்கி:

இவ்வளவு எதுக்கு ப்ரோ? ‘ரீசெட் திஸ் பிசி’, ‘கீப் மை ஃபைல்ஸ்’ குடுங்க, ஃபைல் அப்படியே இருக்கும். இல்லன்னா கமாண்ட் ப்ராம்ப்ட்ல பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர், ஃபிக்ஸ்பூட் ரெண்டும் அடிங்க. வேலை முடிஞ்சுது.

---

ஓசூர்_சிஸ்அட்மின்:

ரெண்டுமே இங்க வேண்டாம்.

‘கீப் மை ஃபைல்ஸ்’ உங்க டாக்குமென்ட், டெஸ்க்டாப்பை வெச்சிக்கும். போட்டு வெச்ச சாஃப்ட்வேர் எல்லாத்தையும் தூக்கிடும். டாலி, டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் டிரைவர், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் டிரைவர் எல்லாம் மறுபடி போடணும். சீசன்ல அதுவே ஒரு நாள் வேலை. அதோட, அப்டேட் பாதியில நிக்கிற நிலைமையில ரீசெட்டும் பாதியில நின்னா அப்புறம் நிஜமாவே ஃபார்மட்தான்.

ஃபிக்ஸ்எம்பிஆர் பழைய எம்பிஆர் டிஸ்க்குக்கான கமாண்ட். விண்டோஸ் 11 போட்ட சிஸ்டம் ஏறக்குறைய எல்லாமே யூஇஎஃப்ஐ (புது பூட் முறை), ஜிபிடி (புது டிஸ்க் அமைப்பு). அதுல அந்தக் கமாண்டால பிரயோஜனம் இல்ல. ஃபிக்ஸ்பூட் பெரும்பாலும் ‘ஆக்சஸ் இஸ் டினைடு’ன்னு திருப்பி அனுப்பும். எல்லாத்துக்கும் மேல, இவருக்குக் கெட்டது பூட்லோடர் (விண்டோஸைக் கிளப்பி விடுற சின்ன ப்ரோக்ராம்) இல்ல. புள்ளி சுத்துற வரைக்கும் வந்தாலே பூட்லோடர் தன் வேலையை முடிச்சிடுச்சுன்னு அர்த்தம்.

பெங்களூரா_மண்டி, கீபோர்டு தேடுறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. 24எச்2 புதுசாப் போட்டு, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல உள்ள நுழைஞ்சிருந்தா, ஹோம் எடிஷனா இருந்தாலும் டிஸ்க் தானாவே என்க்ரிப்ட் ஆகியிருக்கும், அதாவது பிட்லாக்கர்ங்கிற வசதியால பூட்டியிருக்கும். கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்குப் போகும்போது 48 இலக்க பிட்லாக்கர் ரெகவரி கீ கேக்கும். திரையில கீ ஐடின்னு ஒண்ணு காட்டும், அதோட முதல் எட்டு எழுத்தைக் குறிச்சுக்கோங்க. மொபைல்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் பக்கத்துக்குப் போய் டிவைசஸ்ல ரெகவரி கீ பகுதியைத் திறந்தா, அந்த எட்டு எழுத்துக்கு நேரா 48 இலக்கம் இருக்கும்.

கடைகள்ல அடிக்கடி நடக்கிறது என்னன்னா, சிஸ்டம் போட்டுக் குடுத்தவர் தன்னோட மெயில் ஐடியிலயே அக்கவுன்ட் திறந்து குடுத்துட்டுப் போயிருப்பார். உங்க மெயில்ல கீ இல்லன்னா முதல்ல அவரைத்தான் கூப்பிடணும். அந்தக் கீ இல்லாம யாராலயும், எந்தக் கடையாலயும், டேட்டா ரெகவரி கம்பெனியாலயும் திறக்க முடியாது.

கீ கையில வர்ற வரைக்கும் பயாஸ்ல எதையும் மாத்தாதீங்க. ‘லோட் டிஃபால்ட்ஸ்’ குடுக்கிறது, பிடிடி இல்லன்னா டிபிஎம் (அந்தப் பூட்டோட சாவியை வெச்சிருக்கிற பகுதி) க்ளியர் பண்றது, செக்யூர் பூட்டை அணைக்கிறது எதுவும் வேண்டாம்.

---

பெங்களூரா_மண்டி:

பின்னாடி பாதி ஊதா, பாதி பச்சை போர்ட் இருக்கு. கிருஷ்ணகிரியில ஒரு பழைய பிஎஸ்2 கீபோர்டு கிடைச்சுது, நீலத் திரையில எடுக்குது! மவுஸ் மட்டும் செத்த மாதிரியே இருக்கு. நீங்க சொன்ன மாதிரியே பிட்லாக்கர் கீ கேட்டுது, கீயும் சிஸ்டம் போட்டுக் குடுத்த தம்பியோட மெயில்லதான் இருந்துது. போட்டாச்சு, கமாண்ட் ப்ராம்ப்ட் வந்துருச்சு. ஆனா சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டரே காணோமே? பழைய போட்டோவும் ஸ்கேன் காப்பியும்தான் இருக்கு. அழிஞ்சு போச்சா?

---

தகடூர்_ஹார்டுவேர்:

அழியல. ரெகவரிக்குள்ள டிரைவ் எழுத்து மாறும். ‘டிஸ்க்பார்ட்’ அடிச்சு என்டர், அடுத்து ‘லிஸ்ட் வால்யூம்’. 220 ஜிபி சொச்சம் காட்டுறதுதான் உங்க எஸ்எஸ்டி, அதுக்கு நேரா இருக்கிற எழுத்துதான் இப்போதைக்கு விண்டோஸ் டிரைவ். அனேகமா டி. ‘எக்ஸிட்’ அடிச்சு வெளிய வந்துடுங்க, டிஸ்க்பார்ட்டுக்குள்ள வேற எதையும் தட்டாதீங்க. ‘க்ளீன்’னு ஒரு வார்த்தை போதும், கேக்காமலே டிஸ்க்கைத் துடைச்சிடும்.

கீழ வர்ற கமாண்டை எல்லாம் உச்சரிப்பாத் தரேன், திரையில இங்கிலீஷ் எழுத்துல அடிங்க. டி-ன்னு நான் எழுதுற இடத்துல உங்க எழுத்தைப் போட்டுக்கோங்க.

முதல்ல டேட்டா. அந்த ரெகவரியில யூஎஸ்பி பக்கமே சந்தேகம்ங்கறதால பென் டிரைவை நம்ப வேண்டாம், உள்ள இருக்கிற 1 டிபிக்கே காப்பி பண்ணலாம். சி-யில போட்டோ தெரியுதுன்னா அது பூட்டியில்ல, நல்லது.

ரோபோகாப்பி டி:\யூசர்ஸ் சி:\பேக்கப் /இ /எக்ஸ்ஜே /ஆர்:1 /டபிள்யூ:1

/இ போட்டாத்தான் உள் ஃபோல்டர் எல்லாம் வரும். /எக்ஸ்ஜே கட்டாயம், யூசர்ஸுக்குள்ள ஒண்ணையொண்ணு சுட்டுற போலி ஃபோல்டர்கள் இருக்கு, இதை விட்டா காப்பி வட்டமடிச்சிட்டே இருக்கும். கடைசி ரெண்டும் ஏன்னா, படிக்க முடியாத ஃபைல் வந்தா ரோபோகாப்பி தன் போக்குல 10 லட்சம் தடவை, ஒவ்வொண்ணுக்கும் 30 செகண்ட் காத்திருந்து முயற்சி பண்ணும். விடிஞ்சாலும் முடியாது.

டாலி ப்ரைம் வழக்கமா யூசர்ஸ், பப்ளிக், டாலிப்ரைம், டேட்டான்னு உள்ள வெச்சிருக்கும். அதுக்குள்ள வெறும் எண்ணைப் பேரா வெச்ச ஃபோல்டர்தான் உங்க கம்பெனி. அங்க இல்லன்னா போட்டவர் வேற இடத்துல வெச்சிருக்கார். ‘நோட்பேட்’னு அடிங்க, நோட்பேட் திறக்கும். கன்ட்ரோல்+ஓ குடுத்து, கீழ ‘ஆல் ஃபைல்ஸ்’னு மாத்துங்க. இப்ப அதுவே ஒரு சின்ன எக்ஸ்ப்ளோரர். மவுஸ் இல்லாததால டேப், அம்புக்குறி வெச்சே நகரணும். ஃபோல்டர் மேல நின்னு கன்ட்ரோல்+சி, வேணுங்கிற இடத்துல கன்ட்ரோல்+வி. காப்பி ஆகும்போது பட்டை எதுவும் காட்டாது, உறைஞ்ச மாதிரி நிக்கும். அது முடியற வரைக்கும் கை வைக்காதீங்க.

காப்பி முடிஞ்சதும் அந்த நோட்பேட்லயே டி:\விண்டோஸ்\சிஸ்டம்32\லாக்ஃபைல்ஸ்\எஸ்ஆர்டி-க்குள்ள எஸ்ஆர்டிட்ரெயில்ங்கிற ஃபைலைத் திறந்து கடைசிப் பகுதியில ‘ரூட் காஸ் ஃபவுண்ட்’க்குக் கீழ என்ன இருக்குன்னு எழுதுங்க. ஆட்டோமேட்டிக் ரிப்பேர் ‘முடியல’ன்னு திரையில சொல்லிட்டாலும் ஏன் முடியலங்கிறதை அங்க எழுதி வெச்சிருக்கும். இதை யாரும் படிக்கிறதே இல்ல.

கடைசியா ‘டிர் டி:\’ அடிச்சு, அடியில எவ்வளவு இடம் காலின்னு பாருங்க.

---

பாலக்கோடு_சேவை:

எனக்கும் இதே பிரச்சினைதான். விண்டோஸ் 10, 4வது ஜெனரேஷன் ஐ5. அப்டேட் ரீஸ்டார்ட் கேட்டுது, குடுத்தேன். அதுல இருந்து ஃபேன் மட்டும் சுத்துது, திரை கருப்பு. லோகோகூட வரல. நானும் இதே கமாண்ட் எல்லாம் அடிக்கலாமா?

---

தகடூர்_ஹார்டுவேர்:

உங்களுக்குக் கமாண்ட் அடிக்க இடமே இல்லையே. லோகோ வரலன்னா விண்டோஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அப்டேட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் குறைவு. ஏற்கெனவே தளர்ந்திருந்த பார்ட் அந்த நேரத்துல காட்டிக் குடுத்திருக்கலாம்.

வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை 10 செகண்ட் அழுத்திப் பிடிங்க. ரேமைக் கழட்டி, தங்க நிறப் பட்டையை வெள்ளை ரப்பரால மெதுவாத் தேய்ச்சு, தூசியைத் தட்டிட்டு ஒரே ஒரு ரேமை மட்டும் மாட்டிப் பாருங்க. வரலன்னா அடுத்த ஸ்லாட். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா கேபிளை அதுலதானே சொருகியிருக்கீங்கன்னு பாருங்க.

அடுத்து போர்டுல இருக்கிற சிஆர்2032 காசு பேட்டரி. புதுசு 3 வோல்ட் காட்டும். மல்டிமீட்டர்ல 2.8க்குக் கீழ போயிருந்தா மாத்திடுங்க. பழைய சிஸ்டத்துல பேட்டரி போனா பயாஸ் செட்டிங் பழைய நிலைக்குத் திரும்பிடும். அப்ப திரை வந்தாலும் ரெண்டு சிக்கல் வரலாம். ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’னா பூட் மோடு லெகசியில (பழைய முறை) இருந்து யூஇஎஃப்ஐ-க்கோ, தலைகீழாவோ மாறியிருக்கும். ‘இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்’னு நீலத் திரைன்னா சாட்டா மோடு மாறியிருக்கும், ஏஹெச்சிஐ-க்கு மாத்திப் பாருங்க, வேலை செய்யலன்னா ஐடிஇ. முன்னாடி எதுல இருந்துதோ அதுலதான் கிளம்பும்.

மத்ததுக்குத் தனித் திரி போடுங்க, ரெண்டும் கலந்தா படிக்கிறவங்களுக்குக் குழப்பம்.

---

பெங்களூரா_மண்டி:

யூசர்ஸ் முழுக்க 1 டிபிக்கு வந்துருச்சு. டாலி ஃபோல்டர் பப்ளிக்லயே இருந்துது, உள்ள எண் போட்ட ஃபோல்டர் ரெண்டு. பெரிய நிம்மதி.

எஸ்ஆர்டிட்ரெயில்ல கடைசியில இருக்கிறது: ‘எ பேட்ச் இஸ் ப்ரிவென்டிங் தி சிஸ்டம் ஃப்ரம் ஸ்டார்ட்டிங்’. காலி இடம் 3 ஜிபிக்கும் குறைவு.

---

ஓசூர்_சிஸ்அட்மின்:

அந்த ஒரு வரியே போதும். டிஸ்க் போகல, பூட்லோடர் போகல, பாதி போட்ட பேட்ச் வழியை அடைச்சிட்டு நிக்குது. மாசக்கணக்கான அப்டேட்டை ஒரே மூச்சுல போட 3 ஜிபி போதாது. கரண்ட் போகாம இருந்திருந்தாலும் முக்கியிருக்கும்.

முதல்ல மெனு வழி: ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ், அதுல ‘லேட்டஸ்ட் குவாலிட்டி அப்டேட்’. ஃபீச்சர் அப்டேட்டைத் தொடாதீங்க, அது 24எச்2-வையே கழட்டுற வேலை. குவாலிட்டி அப்டேட் கழண்டு வந்தா அதோட முடிஞ்சுது. பாதியில நின்ன அப்டேட்டுல பெரும்பாலும் ‘கழட்ட முடியல’ன்னுதான் வரும், ஏன்னா முழுசா ஏறாததைக் கழட்ட அதுக்குத் தெரியாது. அப்ப கமாண்ட் ப்ராம்ப்ட்ல:

டிஸ்ம் /இமேஜ்:டி:\ /க்ளீனப்-இமேஜ் /ரிவர்ட்பெண்டிங்ஆக்ஷன்ஸ்

க்ளீனப்புக்கும் இமேஜுக்கும் நடுவுல கோடு உண்டு, ஸ்பேஸ் இல்ல. இமேஜுக்கு அப்புறம் கோலன், அப்புறம் டிரைவ் எழுத்து, கோலன், பின்சாய்வு. இந்த ஒரு இடத்துலதான் எல்லாரும் தடுக்கி விழுறாங்க. சரியாப் போனா ‘ரீபூட்டுக்கு அப்புறம் திருப்பி எடுக்க முயற்சி நடக்கும்’ங்கிற அர்த்தத்துல ஒரு வரி வரும். அப்படின்னா இன்னும் எதுவும் நடக்கல, வரிசையில மட்டும் போட்டிருக்கு.

ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இடம் பண்ணுங்க. டி:\விண்டோஸ்\சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிப்யூஷன்\டவுன்லோடு ஃபோல்டருக்குள்ள இருக்கிறதை எல்லாம் அழிக்கலாம், அது இறக்கி வெச்ச அப்டேட் மூட்டைதான், தேவைன்னா மறுபடி இறங்கும். ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ ஃபோல்டர் பெருசா இருக்கேன்னு அதைத் தொட்டுடாதீங்க, அதுதான் திருப்பி எடுக்கத் தேவையான பழைய ஃபைல்கள் இருக்கிற இடம்.

அப்புறம் முக்கியமான விஷயம்: யூபிஎஸ் வேலை செய்யலன்னு சொன்னீங்க. நல்ல யூபிஎஸ் ஒண்ணு இரவல் வாங்கியோ, இன்வெர்ட்டர் லைன்ல சொருகியோதான் ரீஸ்டார்ட் குடுக்கணும். ‘அன்டூயிங் சேஞ்சஸ்’னு ஒரு சதவீதத்துல ரொம்ப நேரம் நிக்கும், ஒரு மணி நேரம்கூட ஆகலாம். கேபினட்ல டிஸ்க் லைட் விட்டு விட்டு மின்னுற வரைக்கும் அது வேலை செஞ்சிட்டிருக்கு. மறுபடியும் அதே இடத்துல கரண்ட் போனா அடுத்தது கஷ்டமான கட்டம்.

---

பெங்களூரா_மண்டி:

அன்இன்ஸ்டால் நீங்க சொன்ன மாதிரியே முடியலன்னு வந்துது. டிஸ்ம் கமாண்ட் போச்சு. வீட்டு இன்வெர்ட்டர் லைன்ல மாட்டி ரீஸ்டார்ட் பண்ணோம். 30 சதவீதத்துல ரொம்ப நேரம் நின்னுது, லைட் மின்னிட்டே இருந்ததால விட்டுட்டோம். தானா ரீஸ்டார்ட் ஆகி லாகின் திரை வந்துருச்சு! டாலி திறக்குது, கணக்கு கடைசி என்ட்ரி வரைக்கும் இருக்கு.

இப்ப அப்டேட்டை நிரந்தரமா ஆஃப் பண்ணிடலாமா?

---

ஓசூர்_சிஸ்அட்மின்:

ஆஃப் பண்ணா அந்த ரெகவரி கீபோர்டு கோளாறு அப்படியே உங்ககூட இருக்கும். போடணும், ஆனா இந்த வரிசையில.

அட்மினிஸ்ட்ரேட்டரா கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ‘டிஸ்ம் /ஆன்லைன் /க்ளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்’, அது முடிஞ்சதும் ‘எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்’. இதே வரிசைதான். எஸ்எஃப்சி கெட்ட ஃபைலுக்குப் பதில் நல்லதை எடுக்கிற கிடங்கை டிஸ்ம்தான் முதல்ல சரி பண்ணுது. கிடங்கே கெட்டிருந்தா எஸ்எஃப்சி ஓட்டி லாபம் இல்ல.

‘பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்’ அடிங்க. ஹைபர்னேட் ஃபைல் போயிடும், 8 ஜிபி ரேமுக்கு 3 ஜிபி சொச்சம் இடம் கிடைக்கும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் (ஷட்டவுன் குடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கம் தூங்குற வசதி) சேர்ந்து அணையும். டவுன்லோட்ஸ்ல கிடக்கிறதை 1 டிபிக்குத் தள்ளுங்க. சி-யில 20 ஜிபியாவது காலியான பிறகு அப்டேட் குடுங்க, பகல்ல, ஆள் இருக்கும்போது. இப்ப வர்ற புது அப்டேட்டுக்குள்ள அக்டோபர் திருத்தமும் அடங்கிடும், தனியாத் தேட வேண்டாம்.

அது ஏறினதும் சோதிச்சுப் பாருங்க: செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி, அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப், ரீஸ்டார்ட் நவ். அதே நீலத் திரை வரும். யூஎஸ்பி கீபோர்டு எடுக்குதான்னு பார்த்துட்டு ‘கன்டினியூ’ குடுத்து வெளிய வந்துடுங்க. எடுக்கலன்னா ‘ரீஏஜென்ட்சி /இன்ஃபோ’ அடிச்சு ‘எனேபிள்டு’ன்னு இருக்கான்னு இங்க சொல்லுங்க.

பிட்லாக்கர் கீயை அந்தத் தம்பி மெயில்ல விட்டு வைக்காதீங்க. பேப்பர்ல எழுதி மண்டி கணக்கு நோட்டோட வையுங்க, கம்ப்யூட்டருக்குள்ள வைக்காதீங்க.

சீசன் உச்சத்துல அப்டேட் தொல்லை வேண்டாம்னா விண்டோஸ் அப்டேட்ல ‘பாஸ்’ குடுத்து 5 வாரம் வரைக்கும் நிறுத்தி வைக்கலாம். அந்த அளவு போதும்.

---

தகடூர்_ஹார்டுவேர்:

யூபிஎஸ் பத்தி ஒண்ணு. 600 விஏ யூபிஎஸ்ல இருக்கிறது பொதுவா 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒண்ணுதான். சீசன் முடிஞ்சு மாசக்கணக்கா மெயினை அணைச்சுப் போட்டா, சார்ஜ் இல்லாம உள்ள தகடுல உப்புப் படிஞ்சு செத்துடும். பழசுங்கிறது மட்டும் காரணம் இல்ல. ஃபுல் சார்ஜ் ஏத்தி, கழட்டி சில மணி நேரம் வெச்சு அளந்தா 12.7 பக்கம் இருக்கணும். அப்புறம் யூபிஎஸ்ல மாட்டி, கம்ப்யூட்டருக்குப் பதிலா 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, சுவர் சுவிட்சை அணையுங்க. கொஞ்ச நேரத்துலயே 10.5க்குக் கீழ இறங்கினா பேட்டரியை மாத்துங்க, யூபிஎஸ்ஸை மாத்த வேண்டியதில்ல. சிவப்பு, கருப்பு வயரைத் தலைகீழா மாட்டிடாதீங்க.

மூடி வைக்கிற மாசங்கள்லயும் மாசம் ஒரு தடவை யூபிஎஸ்ஸையும் கம்ப்யூட்டரையும் ஒரு பகல் ஆன்ல விடுங்க. பேட்டரியும் ஏறும், அப்டேட்டும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், போர்டுல இருக்கிற காசு பேட்டரிக்கும் ஓய்வு. பராமரிப்பு மின்நிறுத்தம் அறிவிச்ச நாளாப் பார்த்து மட்டும் வெச்சிடாதீங்க.

---

பாலக்கோடு_சேவை:

ரெண்டாவது ஸ்லாட்ல ஒரு ரேம் போட்டதும் திரை வந்துது. காசு பேட்டரி 2.1தான் காட்டுது, தேதியும் பழசு காட்டுச்சு. மாத்திட்டேன். இப்ப ‘ரீபூட் அண்ட் செலக்ட்’ வருது, பூட் மோடு யூஇஎஃப்ஐ-ன்னு இருக்கு. லெகசிக்கு மாத்தினா போதுமா?

---

தகடூர்_ஹார்டுவேர்:

மாத்துங்க, எஃப்10ல சேவ் பண்ணுங்க. பூட் வரிசையில விண்டோஸ் இருக்கிற டிஸ்க்தான் முதல்ல நிக்குதான்னும் பாருங்க. தேதியையும் நேரத்தையும் சரி பண்ணிடுங்க. தேதி தப்பா இருந்தா விண்டோஸ் வந்தாலும் இணையதளம் எல்லாம் சான்றிதழ் பிழைன்னு காட்டும், அதுக்கு வேற ஒரு திரி போட வேண்டி வரும்.